ஒரே காசுக்கு இரண்டு தரம்: நாணயத் தரப்படுத்தல் நிறுவனங்கள்மீது ஏன் இத்தனை மனத்தாங்கல்?

பழைய அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்றைத் தரம் பார்த்துத் தரச் சொல்லி ஒருவர் பணம் கட்டி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 70-க்கு 65 கிடைக்கும் என்பது அவருடைய கணக்கு. வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைபட்டு, மேலே 63 என்று அச்சிட்ட சீட்டோடு காசு திரும்பி வருகிறது. ஏன் 65 இல்லை, ஏன் 64கூட இல்லை என்பதற்கு ஒரு வரி விளக்கம் கிடையாது. மனசு ஆறாமல் பெட்டியை உடைத்து, அதே காசை அதே நிறுவனத்துக்கு மறுபடி அனுப்புகிறார். இந்தத் தடவை 64 வருகிறது. சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அமெரிக்க நாணயச் சேகரிப்பு உலகில் இது ஊரறிந்த கதை. பிசிஜிஎஸ், என்ஜிசி, அனாக்ஸ் என்று அங்கே பல தரப்படுத்தல் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றை நம்பித்தான் சந்தையே நடக்கிறது. அவற்றின்மீதுதான் அதிகமாகக் குறையும் சொல்லப்படுகிறது. புதிதாக இந்தப் பக்கம் வருபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, அந்தப் பெட்டியில் இருக்கும் எண் எப்படிப் பிறக்கிறது என்பதை. அது புரிந்தால் எந்தக் கோபம் நியாயமானது, எது தேவையில்லாதது என்று தானாகவே தெரிந்துவிடும்.

70 வரை போகும் அளவுகோல்

1949-ல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர், தம் நாட்டின் ஆரம்பகாலப் பெரிய செம்புச் சென்ட் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். ஒரு காசு 1 என்ற நிலையில் ஒரு டாலர் பெறுமானால், 70 என்ற நிலையில் எழுபது டாலர் பெறும் என்பது அவருடைய எண்ணம். அந்த விலைக்கணக்கு சீக்கிரமே பொய்த்துப்போனது. ஆனால் எண்கள் மட்டும் ஒட்டிக்கொண்டன. 1970-களில் அமெரிக்க நாணயவியல் சங்கம் இந்த அளவுகோலை எல்லா வகை அமெரிக்கக் காசுகளுக்கும் விரித்தது. இன்று உலகம் முழுக்க அடிபடும் எண்கள் இவைதாம்.

1 முதல் 58 வரை கைமாறித் தேய்ந்த காசுகளுக்கு. 60 முதல் 70 வரை புழக்கத்துக்கே வராத காசுகளுக்கு. இந்த மேல்வகுப்புக்கு ‘மின்ட் ஸ்டேட்’ என்று பெயர், சீட்டில் எம்எஸ்-63, எம்எஸ்-65 என்று போட்டிருக்கும். 58-க்கு ஏயூ-58 என்று பெயர். அதாவது கிட்டத்தட்ட புதுசு, ஆனால் லேசாகத் தேய்ந்திருக்கிறது.

இங்கேதான் முதல் குழப்பம் வருகிறது. ஏயூ-58 காசு சில சமயம் எம்எஸ்-60 காசைவிட அழகாக இருக்கும். 1878 முதல் 1904 வரையிலும், பிறகு 1921-லும் அச்சான மார்கன் டாலரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சுதந்திர தேவியின் கன்னம் அகலமாக, வெறுமையாக இருக்கும். அச்சகத்திலிருந்து ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பையில் கட்டி அனுப்பிய காலத்தில் காசுகள் ஒன்றோடொன்று மோதி அந்தக் கன்னம் முழுக்க வடுவாகிவிடும். யார் கையிலும் புழங்காததால் அதற்கு எம்எஸ்-60 கிடைக்கும். இன்னொரு டாலரில் வடுவே இருக்காது, ஆனால் காதுக்கு மேலே உள்ள கூந்தலும் பின்பக்கக் கழுகின் நெஞ்சும் ஒரு பொட்டு மங்கியிருக்கும். அது 58-தான். பார்ப்பவருக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். எண்ணில் முந்துவதோ முதலாவது.

தேய்மானத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அச்சடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகளாக உறைகிறது. காசை விளக்கடியில் மெதுவாகச் சாய்த்தால் அந்தக் கோடுகளில் ஒளி பட்டு, வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்போலச் சுழலும். தேய்ந்த இடத்தில் அந்தச் சுழற்சி அறுந்து, சாம்பல் திட்டாக நிற்கும். நான்கைந்து மார்கன் டாலர்களை வைத்து இதைப் பழகினால் கண் பிடித்துக்கொள்ளும். புத்தகம் படித்து வராது.

எண்ணுக்குப் பின்னால் பணம்

எம்எஸ்-63-க்கும் 64-க்கும் இடையே இருப்பது ஒரே ஒரு புள்ளி. அதற்கு ஏன் இவ்வளவு சண்டை? விலைதான் காரணம். 1884-ல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சான மார்கன் டாலர் தேய்ந்த நிலையில் தாராளமாகக் கிடைக்கும். புழங்காத நிலையில் மிக அரிது. அதனால் ஏயூ-58-லிருந்து எம்எஸ்-63-க்கு ஏறும்போது விலை பல மடங்கு தாவுகிறது. இப்படிப்பட்ட காசில் கூந்தல்மேல் உள்ள சின்ன மங்கலைத் தேய்மானம் என்று எடுப்பதா, அச்சு சரியாகப் பதியாத குறை என்று எடுப்பதா என்ற முடிவு ஒருவருக்குக் கார் வாங்கும் பணம்.

இந்த நிறுவனங்கள் வருவதற்கு முன்னால் நிலைமை இன்னும் மோசம். அதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. வியாபாரி விற்கும்போது ‘முதல்தரம்’ என்பார், அதே காசைத் திரும்பக் கொண்டுபோனால் ‘கொஞ்சம் தேய்ந்திருக்கே’ என்பார். நாணயவியல் சங்கம் 1972-ல் அனாக்ஸ் மூலம் அசல், போலி பார்த்துச் சொல்லவும் 1979-ல் தரம் போடவும் தொடங்கியது. ஆனால் அப்போது தந்தது படத்தோடு கூடிய ஒரு சான்றிதழ்தான். காசு வேறு, காகிதம் வேறு. 1986-ல் பிசிஜிஎஸ் கலிபோர்னியாவில் தொழில் தொடங்கியபோது, காசைப் பிரிக்க முடியாதபடி பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, தரத்தை உள்ளேயே வைத்து மூடியது. அடுத்த வருடமே என்ஜிசி வந்தது. சேகரிப்பாளர்கள் இந்தப் பெட்டியை ‘ஸ்லாப்’ என்பார்கள். காசை நேரில் பார்க்காமலே, சீட்டைப் பார்த்து வாங்கலாம், விற்கலாம் என்ற நிலை வந்தது. பங்குச்சந்தை ஆட்களும் பணத்தோடு உள்ளே வந்தார்கள். 1989-ல் விலைகள் உச்சிக்குப் போய்ச் சரிந்தன.

1990-ல் அமெரிக்க அரசின் ஃபெடரல் டிரேட் கமிஷன் பிசிஜிஎஸ்மீது வழக்குத் தொடுத்தது. தன் தரப்படுத்தல் மாறாதது, யார் பார்த்தாலும் ஒன்றுதான் என்ற பொருளில் நிறுவனம் விளம்பரம் செய்தது மிகை என்பது குற்றச்சாட்டு. வழக்கு சமரசத்தில் முடிந்தது, விளம்பரங்களில் எச்சரிக்கை வாசகம் சேர்க்க நேர்ந்தது. அதே ஆண்டில் கணினியை வைத்துத் தரம் போடும் முயற்சியும் நடந்தது. நிலைக்கவில்லை. 2003-ல் ‘காயின் வேர்ல்ட்’ என்ற வார இதழ் ஒரே காசுகளைப் பல நிறுவனங்களுக்கு மாற்றி மாற்றி அனுப்பி, ஒரு வருடம் சோதித்தது. எந்தக் காசிலும் எல்லா நிறுவனங்களும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் வித்தியாசம் ஏழு புள்ளிவரை போனது.

ஆக, ஸ்லாப்பில் இருப்பது தராசில் நிறுத்த எடை இல்லை. தேர்ந்த கண்கள் சொன்ன கருத்து அது. நிறுவனங்களும் தங்கள் விதிமுறைகளில் இதை எழுதித்தான் வைத்திருக்கின்றன. ஆனால் சந்தை அதை எடை மாதிரியே நடத்துகிறது. பாதி மனத்தாங்கல் இந்த இடைவெளியில் பிறக்கிறது.

காரணம் சொல்லாத தீர்ப்பு

உள்ளே என்ன நடக்கிறது? காசு வந்ததும் பதிவுசெய்து, அனுப்பியவர் பெயர் தெரியாதபடி வரிசை எண்ணோடு தரம் போடுபவர்களிடம் போகும். குறைந்தது இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துத் தங்கள் எண்ணைப் பதிவார்கள். மூத்தவர் ஒருவர் முடிவு செய்வார். பிறகு பெட்டியில் அடைப்பு, கடைசிச் சரிபார்ப்பு. சாதாரணக் காசு ஒன்றை ஒருவர் பார்ப்பது பெரும்பாலும் சில வினாடிகள்தாம். கேட்கும்போது அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் ஆயிரக்கணக்கில் மார்கன் டாலர் பார்த்த கண்ணுக்குச் சில வினாடி போதும் என்பது உண்மைதான். எனக்கு வினாடிக்கணக்கில் பெரிய குறையில்லை.

என் குறை வேறு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாளில் மதிப்பெண் குறைந்தால் நகல் வாங்கிப் பார்க்கலாம், எந்தக் கேள்வியில் எத்தனை போயிற்று என்று தெரிந்த பிறகு மறுமதிப்பீடு கேட்கலாம். இங்கே மொத்த மதிப்பெண் மட்டும்தான் வரும். கன்னத்து வடுவுக்காகக் குறைத்தார்களா, பளபளப்பு மங்கலென்று குறைத்தார்களா, அச்சு பலவீனமா, பார்வைக்கு ஈர்ப்பில்லையா, எதுவும் தெரியாது. அனுப்பியவர் எதையும் கற்றுக்கொள்வதும் இல்லை. அடுத்த தடவையும் அதே மாதிரிக் காசைத்தான் அனுப்புவார்.

எண்ணிக்கை அதிகம், விளக்கம் எழுதினால் கட்டணம் ஏறும், தகராறும் கூடும் என்று நிறுவனங்களுக்காக வாதாடுபவர்கள் சொல்வார்கள். ‘கன்னத்தில் ஆழமான வடு’ என்று இரண்டு மூன்று சொல் போதும். குறையுள்ள காசுகளுக்கு இப்போதே காரணம் அச்சிடுகிறார்களே, மற்றவற்றுக்கும் செய்ய முடியாதா?

அந்தக் குறையுள்ள காசுகள் வேறொரு கொதிநிலை. காசு அசல்தான், ஆனால் மேற்பரப்பில் கோளாறு என்றால் எண் போடாமல் ‘டீட்டெய்ல்ஸ்’ என்று சீட்டு வரும். துடைத்தது, கீறியது, மண்ணில் கிடந்து அரித்தது, பிவிசி உறையில் வைத்துப் பச்சைப் பிசின் படிந்தது என்று காரணமும் இருக்கும். புதியவர்களுக்கு நெஞ்சில் அடிப்பது ‘துடைத்தது’ என்ற ஒன்றுதான். ‘எவ்வளவு பளபளன்னு இருக்கு, இதைப்போய் இப்படிச் சொல்லிட்டாங்களே’ என்பார்கள். அந்தப் பளபளப்புதான் குற்றம். விளக்கடியில் காசைத் திருப்பினால், ஒரு கோணத்தில் மட்டும், எழுத்துகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் மின்னி மறையும். எழுத்துகளின் இடுக்கில் மட்டும் பழைய கறுப்பு அப்படியே இருக்கும், ஏனென்றால் துணி அங்கே எட்டவில்லை. இதைப் பார்த்துவிட்டால் சீட்டின்மீது கோபம் வராது. புளி, பற்பசை, வெள்ளி பாலிஷ் எதுவும் பழைய காசைத் தொடவே கூடாது.

ஆனால் இதே பெட்டிக்குள் ஒரு நியாயமான வழக்கும் இருக்கிறது. கருமையேறிய வெள்ளிக்காசைத் திரவத்தில் ஒரு நொடி முக்கி எடுத்து வெளுக்கச் செய்வது வியாபாரிகளின் நெடுநாள் வழக்கம். அளவோடு செய்தால் நிறுவனங்கள் அதை ஏற்று எண் போடுகின்றன. கொஞ்சம் கூடிப்போனால் டீட்டெய்ல்ஸ். அந்தக் ‘கொஞ்சம்’ எங்கே முடிகிறது என்று யாரும் கோடு போட்டுச் சொன்னதில்லை. நிறமேறிய காசுகளிலும் அப்படித்தான். நீலம், ஊதா, பொன்மஞ்சள் என்று காசின் விளிம்பில் வானவில் வரும். பழைய காகித ஆல்பத்தில் வருடக்கணக்கில் இருந்து வந்த நிறமா, யாரோ சூடுகாட்டி ரசாயனம் போட்டு வரவழைத்ததா என்பதில் நிபுணர்களே வேறுபடுவார்கள். ‘கேள்விக்குரிய நிறம்’ என்று சீட்டு வந்த காசு, பிறகு இன்னொரு தடவை நல்ல எண்ணோடு திரும்பிய கதைகள் உண்டு. காசு மாறவில்லை, கருத்து மாறியது. கட்டணம் இரண்டு தடவை போனது.

உடைத்து அனுப்பும் விளையாட்டு

கருத்து மாறும் என்று தெரிந்தவர்கள் அதையே தொழிலாக்கிக்கொண்டார்கள். 64-ல் இருக்கும் நல்ல காசை வாங்கிப் பெட்டியை உடைத்து, 65 வரும்வரை அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். வந்துவிட்டால் லாபம். இதனால் வரும் பாதிப்பு வேடிக்கை பார்க்கும் நமக்கும் உண்டு. எந்தத் தரத்தில் எத்தனை காசுகள் இருக்கின்றன என்று நிறுவனங்கள் கணக்கு வெளியிடுகின்றன. உடைத்த பெட்டியின் சீட்டைத் திருப்பி அனுப்பாவிட்டால், ஒரே காசு இரண்டு மூன்று காசுகளாக அந்தக் கணக்கில் உட்கார்ந்துவிடும். இன்னொன்று, வருடங்கள் போகப்போகத் தரம் தளர்கிறது என்ற சந்தேகம். முன்பு 64 வாங்கிய காசுக்கு இப்போது 65 கிடைக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். பிசிஜிஎஸ்ஸின் ஆரம்பகாலப் பெட்டிகளில் காசு சற்றுத் தளர்வாக இருந்து, ஆட்டினால் கிலுகிலுக்கும். அந்தப் பழைய பெட்டியில் இருக்கும் காசுக்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் ஆட்கள் இருப்பது, இந்த நம்பிக்கை எவ்வளவு ஆழம் என்பதைக் காட்டுகிறது.

ஒவ்வொரு மறுஅனுப்பலுக்கும் நிறுவனத்துக்குக் கட்டணம். கண் தவறுவதால் நிறுவனத்துக்கு நட்டமில்லை, வருமானம். அவர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தவறினால் வருமானம் வரும் ஏற்பாட்டில் வாடிக்கையாளர் சந்தேகப்படுவதை யாரும் குறைசொல்ல முடியாது.

இந்தச் சந்தேகத்தின்மேல் இன்னொரு நிறுவனமே எழுந்தது. என்ஜிசியைத் தோற்றுவித்த ஜான் அல்பனீஸ் 2007-ல் சிஏசி தொடங்கினார். பிசிஜிஎஸ், என்ஜிசி பெட்டிகளில் இருக்கும் காசை மறுபடி பார்த்து, அந்தத் தரத்துக்குக் குறைவில்லாமல் இருந்தால் பச்சை ஒட்டுச்சீட்டு, அதற்கும் மேலே இருந்தால் தங்க ஒட்டுச்சீட்டு. 2010-ல் பிசிஜிஎஸ்ஸும் என்ஜிசியும் ஒரு தரத்துக்குள்ளேயே மேலாக இருக்கும் காசுக்கு எண்ணுக்குப் பக்கத்தில் கூட்டல் குறி போடத் தொடங்கின. 2023-ல் சிஏசி தானே முழுதாகத் தரம் போடவும் இறங்கியது. கருத்தின்மேல் கருத்து, அதன்மேலும் ஒரு கருத்து. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம்.

அனுப்புவதற்கு முன்னால்

உறுப்பினர் சந்தா, காசுக்குக் காசு கட்டணம், ஆர்டருக்கு ஒரு கையாளும் கட்டணம், காப்பீட்டோடு திரும்பி வரும் தபால் செலவு எல்லாம் கூடும். விலை உயர்ந்த காசுக்குக் கட்டண வகுப்பும் உயரும். உங்கள் காசு 63 வந்தால் 100 டாலர், 64 வந்தால் 130 டாலர் என்று வைத்துக்கொள்வோம். எல்லாச் செலவும் சேர்ந்து 50 டாலர் என்றால், ஆசைப்பட்ட தரமே வந்தாலும் முதலுக்கு மோசம். ஆகவே நீங்கள் எதிர்பார்ப்பதைவிட ஒரு படி கீழே வந்தால் என்ன விலை என்று முதலில் பாருங்கள். அதில் கட்டுப்படியானால் மட்டும் அனுப்புங்கள். விலையை ஏலத்தில் உண்மையில் விற்ற தொகையிலிருந்து எடுங்கள். விலைப்பட்டியலில் போட்டிருப்பது பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

1921 மார்கன் டாலர் பிலடெல்பியா ஒன்றில் மட்டும் நாலரைக் கோடி அளவுக்கு அச்சானது, வேறு அச்சகங்களிலும் அச்சானது. சாதாரண நிலையில் இருக்கும் ஒன்றைத் தரம் பார்க்க அனுப்புவது வீண்செலவு. அரிய ஆண்டு, போலி அதிகம் புழங்கும் காசு, விற்கப்போகும் விலையுயர்ந்த காசு என்றால் ஸ்லாப் தன் கட்டணத்துக்கு வேலை செய்கிறது. பலரும் பேச மறப்பது, இந்த நிறுவனங்களின் மிகப் பெரிய உதவி எண் இல்லை, அசலா என்று பார்த்துச் சொல்வது. ஆனால் ஸ்லாப்பிலேயே போலிகள் வந்துவிட்டன. வாங்கும் முன் சீட்டில் உள்ள சான்று எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கையில் உள்ள காசின் வடுக்களோடு ஒப்பிட வேண்டும். எண் மட்டும் பொருந்தினால் போதாது, ஏனென்றால் போலி செய்பவர்கள் உண்மையான எண்ணையே திருடிப் போடுகிறார்கள்.

வந்த தரம் சரியில்லை என்றால் என்ன செய்வது? அது எந்தப் பக்கம் சரியில்லை என்பதைப் பொறுத்தது. தகுதிக்கு மேலே தரம் போட்டிருக்கிறார்கள், அதை நம்பி அதிக விலைக்கு வாங்கிவிட்டீர்கள் என்றால், நிறுவனத்தின் உத்தரவாதத்தில் மறுபார்வை கேட்கலாம். தரம் குறைக்கப்பட்டால் சந்தை விலை வித்தியாசத்தைத் தருவார்கள். போலி என்று தெரிந்தாலும் உத்தரவாதம் உண்டு. ஆனால் விலக்குகளைப் படிக்காமல் நம்பிவிடக் கூடாது. செம்புக்காசு பெட்டிக்குள்ளேயே நிறம் மாறுவதும், நவீன வெள்ளிக் காசுகளில் பின்னாளில் பால் சிந்தியதுபோல வெள்ளைப்புள்ளி வருவதும் பெரும்பாலும் உத்தரவாதத்துக்கு வெளியே. 70 தரத்தில் வாங்கிய சில்வர் ஈகிள் என்ற நவீன அமெரிக்க வெள்ளிக் காசில் புள்ளி பூத்துப் பலரும் நொந்திருக்கிறார்கள்.

குறைவாகப் போட்டிருக்கிறார்கள் என்பது உங்கள் கோபமானால் உத்தரவாதம் கைகொடுக்காது. மறுபடி பணம் கட்டித்தான் கேட்க வேண்டும். பெட்டியை உடைக்காமலே மறுபார்வைக்கு அனுப்பும் வழி இருக்கிறதா, தரம் இறங்க வாய்ப்புண்டா என்று அந்த நிறுவனத்தின் விதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். நீங்களே உடைத்தால் அந்த நொடியே உத்தரவாதம் போய்விடும். அடுத்த முறை 62 வரலாம், டீட்டெய்ல்ஸ்கூட வரலாம். உடைக்கும்போது கத்தியோ இடுக்கியோ கன்னத்தில் பட்டால் அது இன்னொரு வடு.

சீட்டில் ஆண்டோ, எந்த அச்சகம் என்று காட்டும் எழுத்தோ தப்பாக இருந்தால் விஷயம் எளிது. அது எழுத்துப்பிழை. படம் எடுத்து வாடிக்கையாளர் சேவைக்கு உடனே அனுப்புங்கள், கட்டணமில்லாமல் திருத்தித் தருவது வழக்கம். அதற்காகவே, காசை அனுப்பும் முன் இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து, அனுப்பிய தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். போனபோது இல்லாத கீறல் வந்தபோது இருந்தால் கேள்வி கேட்க உங்கள் கையில் அந்தப் படம் மட்டும்தான் இருக்கும்.